மண்டி போட்ட பஸ்

இன்று காலை சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் ஒரு பஸ் மண்டி போடுவதைப் பார்த்தேன். வலி மாத்திரை தலைக்கேறி உளறுகிறேன் என்று நினைக்காதே, குரு. புதிதாக வந்திருக்கும் சிவப்பு பஸ், ஜன்னலெல்லாம் மூடி உள்ளே ஏசி போட்ட வகை. டிரைவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம். வாசல் இருக்கிற பக்கம் மெல்லச் சாய்ந்து, நடைபாதை உயரத்துக்கு வந்து நின்றது. ஏறுவதற்குப் படி என்று அங்கே ஒன்றும் இல்லை. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவது போலக் காலை எடுத்து உள்ளே வைத்தால் தீர்ந்தது.

ஏறியவர்கள் யார் என்று நினைக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்குப் போகிற, கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் பையும் மாட்டிய பிள்ளைகள். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறக்கூடிய முட்டிகள் அவர்களுடையவை. அவர்களுக்காக அந்த பஸ் மண்டி போட்டது. நான் ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் ஆட்டுக்கால் பையுமாகக் கிட்டே போய், பொம்மனஹள்ளியில் நிற்குமா என்று கேட்டேன். "அல்லி நில்சல்ல, தாத்தா," என்றார் டிரைவர். அங்கே நிறுத்த மாட்டார்களாம். ஹோசூர் ரோட்டில் கம்பெனிகள் இருக்கிற இடத்துக்கு நேராகப் போகிற வண்டி. கதவு மூடியது, பஸ் எழுந்து நின்றது, போய்விட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த டிரைவர் மேல் இல்லை. அவர் வேலையை அவர் பார்க்கிறார். அதே வேலையைத்தானே நானும் தலை நரைக்கும் வரை பார்த்தேன். நீ உயிரோடு இருந்தவரை வராமல், நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து வந்து என் முன்னால் மண்டி போட்டுக் காட்டுகிறதே இந்த பஸ், அதுதான் தாங்கவில்லை. யாரிடம் போய் இதைக் கத்துவது? உன்னிடம்தான் கத்த வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

நான் டிரைவர், நீ கண்டக்டர். இந்த ஊரில் பஸ்காரர்கள் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவதுபோல் நானும் நீயும் ஒருவரையொருவர் குரு என்றே கூப்பிட்டோம். எத்தனையோ ஜோடிகள் மாறின, நம்மை மட்டும் டிப்போவில் பிரிக்கவில்லை. பிரித்தால் இரண்டு பேருமே சண்டைக்கு வருவோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். இது எல்லா வண்டிக்கும் பொது. நம் வண்டியில் மட்டும் இன்னொன்று இருந்தது. நீ இழுத்து ஊதுகிற விசில். அடுத்த நிறுத்தத்தில் முட்டி வலிக்காரர் யாரோ நிற்கிறார் என்று அதற்கு அர்த்தம். நான் நடுரோட்டில் நிறுத்தக் கூடாது. நடைபாதைக் கல்லில் டயர் உரசுகிற அளவுக்கு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கல் மேல் நின்று ஏறினால் படியின் உயரம் பாதியாகிவிடும். அதற்கும் மேல் நீ கையை நீட்டி, "கை கொடும்மா, பயப்படாத, நான் புடிச்சிக்கறேன்" என்று தூக்கிவிடுவாய். டயர் உரசியதற்கு டிப்போவில் திட்டு வாங்கியது நான். பாட்டிமார்களிடம் நல்ல பெயர் வாங்கியது நீ.

ஒருநாள் டீக்கடையில் உன்னைக் கேட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து தலையை நீட்டிப் பார்க்கிறாயே, கூட்டத்தில் யாருக்கு முட்டி வலி என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்று. நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய். "பஸ் வர்றப்ப எல்லாரும் பஸ்ஸப் பாப்பாங்க, குரு. முட்டி வலி இருக்கறவங்க படியப் பாப்பாங்க." அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உனக்கே அது ஆரம்பித்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டே வருஷக்கணக்கில் டிக்கெட் கிழித்த கால்கள். முதலில் காலையில் மட்டும் விறைப்பு என்றாய். அப்புறம் ஷிஃப்ட் முடியும்போது வீக்கம் என்றாய். டிப்போ வாசலில் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்க வைத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நாம் பஸ்காரர்கள் என்று தெரிந்ததால் நமக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஆசைப்பட்டார். "டயர் தேஞ்சிடுச்சுப்பா, அவ்ளோதான்" என்றார். நீ சும்மா இருந்தாயா? "டயர் தேஞ்சா டிப்போல வேற மாட்டுவாங்க சார். நீங்க மாட்டுவீங்களா?" என்றாய். பெரிய ஆஸ்பத்திரியில் மாட்டுகிறார்கள், ஆபரேஷன் செய்யலாம் என்றார். அதைக் கேட்டதும் நீ சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டாய். வெளியே வந்து, "உள்ள இரும்பு வெக்கறதுக்கு நான் இன்னா பாலமா?" என்று என்னிடம் கத்தினாய், என்னவோ நான்தான் வைக்கப்போகிற மாதிரி.

அதற்கப்புறம் ஊரே டாக்டராகிவிட்டது. உருளைக்கிழங்கு வாயு, தொடாதே என்றார் ஒருவர். தக்காளிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார் இன்னொருவர். வெந்நீர் ஒத்தடம் கொடு என்றவர் போனதும், ஐஸ் வை என்று ஒருவர் வருவார். நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு நீ வண்டியில் ஏறினால் முன் சீட்டு வரை மணக்கும். எனக்குக் கண் எரியும். எல்லோர் சொல்லையும் கேட்டாய், கேட்க வேண்டிய ஒரே ஒருத்தி சொன்னதைத் தவிர. பிசியோதெரபி அறையில் இருந்த அந்தப் பெண்ணைச் சொல்கிறேன். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்கு, தொடைச் சதை பலமானால் முட்டிக்குப் பாரம் குறையும் என்றாள். தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடி என்றாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்றாள். நீ வீட்டுக்கு வந்து, "துண்ட நசுக்கினா வலி போவுமாம். இந்தக் கால் வலிச்சா குச்சி அந்தப் பக்கமாம். படிச்சவங்க பேசற பேச்சா இது?" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது என் முட்டிகள் நன்றாக இருந்தன.

ரிட்டையர் ஆனபோது உனக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். உன் மனைவி முன்பே போய்விட்டிருந்தார். ரேவதி, உன் ஒரே பெண், பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. ஞாயிறு மட்டும்தான் அவளுக்கு லீவு. அன்றைக்கு நீ ஜோகுபாளையத்திலிருந்து சிவாஜிநகர் வருவாய். கசாப்புக் கடையில் ஆட்டுக்கால் வாங்குவாய். அங்கிருந்து பொம்மனஹள்ளி பஸ் பிடிப்பாய். ஆட்டுக்கால் சூப் குடித்தால் முட்டியில் மசகு ஊறும் என்று யாரோ சொன்னதை மட்டும் வேதமாக நம்பினாய். என் வீட்டில் செய்து தருகிறேன் என்று என் மனைவி எத்தனையோ தரம் சொன்னாள். "என் பொண்ணு வெச்சாத்தான் எனக்கு உள்ள போவும், தங்கச்சி" என்றுவிட்டாய். பல வாரங்கள் பொழுதுபோகாமல் நானும் கூட வந்தேன். கதவைத் திறந்ததும் ரேவதி தவறாமல் கேட்பாள், "ஆட்டோலயா வந்தே, அப்பா?" நீயும் தவறாமல் நிமிர்ந்து நின்று சொல்வாய், "பஸ்லதாம்மா." ஆட்டோவில் போனால் நீ கண்டக்டர் இல்லை என்று ஆகிவிடும். அப்படித்தான் உன் கணக்கு.

அந்த ஒரு பதிலுக்காக நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாரம் முழுக்க மாத்திரையை விழுங்காமல் வலியைப் பொறுத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் சேர்த்துப் போட்டுக்கொள்வாய். சாப்பிட்டுவிட்டுப் போடு, வயிறு புண்ணாகும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வயிறு எரிந்தது. மோர் குடித்துச் சமாளித்தாய். உட்கார்ந்து எழ முடியாமல், பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே சூடான கத்தியால் வட்டமாக அறுத்து, கக்கூஸில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாய். விளிம்பு தொடையைக் கடித்து ரத்தம் கட்டியது. காம்பவுண்டில் இருந்த பிள்ளைகள் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாவற்றையும் பொறுத்தாய், குரு. ஒரு மனிதன் கொஞ்சம் நடக்கவும் கொஞ்சம் உட்காரவும் இவ்வளவு அவமானப்பட வேண்டுமா என்று எனக்கு அன்றைக்கும் எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

அந்த ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. சிவாஜிநகரில் நான் முதலில் ஏறிவிட்டேன். பஸ் நடைபாதையை விட்டுத் தள்ளி நின்றது. படி உன் முட்டிக்கு மேலே இருந்தது. நீ கம்பியைப் பிடித்துக் காலை வைத்தாய், உந்தினாய், முடியவில்லை. காலை எடுத்தாய், மறுபடி வைத்தாய். உன் பின்னால் கூட்டம் சேர்ந்தது. "ஏறுப்பா பெரியவரே, இல்லன்னா நகரு" என்று யாரோ சொன்னார்கள். நான் மேல் படியில் நின்று கையை நீட்டினேன். "புடி குரு" என்றேன். நீ என் கையைப் பார்த்தாய். பார்த்துவிட்டு உன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய்.

"புடிய்யா!" என்று நான் கத்தினேன். "எத்தினி பேர நான் இந்தக் கையால தூக்கியிருக்கேன்" என்று நீ சொன்னது கூட்டத்தின் இரைச்சலில் எனக்கு மட்டும்தான் கேட்டது. அப்புறம் பையை எடுத்து என்னிடம் நீட்டினாய். "நீ போ. ஆட்டுக்கால் கெட்டுடும். புள்ள காத்துக்கினு இருப்பா." பையை வாங்கிக்கொண்டு நான் ஏதோ சொல்வதற்குள், நீ பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தாய். "ரைட், ரைட்!" என்று குரல் கொடுத்தாய். உன் குரல் அப்படிப்பட்டது. அந்த டிரைவர் தன் கண்டக்டர்தான் சொல்கிறார் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். மழையில் நீ கீழே நின்றிருந்தாய். நான் ஆட்டுக்காலோடு பொம்மனஹள்ளி போனேன்.

அதற்கப்புறம் நீ பஸ் நிறுத்தத்துக்கே வரவில்லை. மாதம் ஒரு தடவை ரேவதி வந்து உன் துணிகளைத் துவைத்துப் போட்டு, வீட்டைப் பெருக்கிவிட்டுப் போவாள். அவள் போனதும் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். "அவளுக்கு இருக்கறது ஒரு நாள் லீவு. அதையும் நான் தின்னுட்டேன்" என்பாய். அவள் வராத ஞாயிறுகளில் நான் போனேன். கால் சிவாஜிநகரில், அடுப்பு பொம்மனஹள்ளியில், முட்டி ஜோகுபாளையத்தில். நடுவில் தூக்குவாளியோடு நான். சூப் ஆறிப்போய் மேலே கொழுப்பு கட்டியிருக்கும். சுடவைத்துக் கொடுப்பேன். குடித்துவிட்டு, "புள்ள எப்படி இருக்கா?" என்று கேட்பாய். அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஆட்டோ கூப்பிட்டேன், வேண்டாம் என்றாய். துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்து காட்டினேன், தள்ளிவிட்டாய். தெருமுனை வரை நடக்கலாம் வா என்றேன். நடந்து எங்கே போவது என்று கேட்டாய். கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாய். உடம்பு கனத்தது, மூச்சு வாங்கியது, சர்க்கரை ஏறியது. முட்டி வலியால் யாரும் சாவதில்லை என்று அந்த டாக்டர் ஒரு தடவை சொன்னார். அவர் சொன்னது சரிதான். நீ உட்கார்ந்தே இருந்ததில்தான் போனாய். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோதான், நீ கடைசியாக ஏறிய வண்டி. அதில் ஏற்றும்போதுகூட நீ என் கையைப் பிடிக்கவில்லை. உனக்கு அப்போது நினைவு தப்பியிருந்தது.

இப்போது என் முறை. கிளட்ச் மிதித்த இடது முட்டி முதலில் போனது, வலது முட்டி சீக்கிரமே பின்னால் வந்தது. காலையில் எழுந்ததும் கால் என் கால் மாதிரியே இருப்பதில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, அதன் பிறகுதான் தரையில் ஊன்ற முடிகிறது. மழை வரப்போவது எனக்கு ரேடியோவுக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது. நீ சிரித்த அந்தத் துண்டைத் தினமும் சுருட்டி வைத்து அமுக்குகிறேன். வலி போகவில்லை, ஆனால் மாடிப்படி ஏற முடிகிறது. அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை, குரு. தடியை எதிர்க் கையில் பிடித்து நடக்கிறேன். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் நிறுத்தி, "தாத்தா, வலிக்கிற பக்கம் புடிங்க" என்று பாடம் நடத்துகிறான். ஒருநாள் அந்தத் தடியாலேயே ஒருவனைப் போட்டுவிடுவேன் என்று என் மனைவி பயப்படுகிறாள்.

நீ போன பிறகும் மாதம் ஒரு ஞாயிறு நான் ரேவதியிடம் போவதை விடவில்லை. உனக்காக என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் வைக்கிற சூப் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் போன மழைக்காலத்திலிருந்து போகவில்லை. இந்த வாரம் வெயில் வரட்டும், அடுத்த வாரம் வீக்கம் வடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். முந்தாநாள் ரேவதி போன் செய்தாள். "முடியலன்னா வராதீங்க மாமா. சிரமப்படாதீங்க. நானே ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். இதே வார்த்தைகளைத்தான் அவள் உன்னிடமும் சொன்னாள். எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்த பாதை அது.

அதனால்தான் இன்று கிளம்பினேன். அந்தச் சிவப்பு பஸ் போன பிறகு நம் பழைய மாதிரி பஸ் வந்தது. வழக்கம்போல் நடைபாதையை விட்டுத் தள்ளியே நின்றது. இழுத்து விசில் ஊத அதில் யாரும் இல்லை. எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள். நான் படியைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் நான் எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

கண்டக்டர் ஒரு சின்னப் பெண். இப்போதெல்லாம் பெண்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள், உனக்குத் தெரியாது. காக்கிச் சட்டை, காதில் சின்னத் தோடு. நான் படியைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக் குனிந்து, "அஜ்ஜா, கை கொடி" என்று அவள் பாஷையில் சொல்லிக் கையை நீட்டினாள். என் கை தானாகப் பின்னால் போனது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இத்தனை வருஷம் உன்னைத் திட்டித் தீர்த்தேனே, அந்தக் கை அன்றைக்கு ஏன் பின்னால் போனது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது. உன் மேலா என் மேலா என்று பிரிக்க முடியவில்லை.

தடியை அக்குளில் இடுக்கினேன். பையைத் தோளில் மாட்டினேன். கையைக் கொடுத்தேன். நல்ல கால் என்று இப்போது எனக்கு எதுவும் இல்லை, இருப்பதில் கொஞ்சம் நல்ல காலை முதலில் வைத்தேன். அவள் இழுத்தாள். ஏறிவிட்டேன்.

இவ்வளவுதான், குரு. நீ இழுத்து ஊதுகிற விசிலின் நேரம்கூட ஆகவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்கூட என் முகத்தைப் பார்க்காமல், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கூட்டத்தை முன்னால் தள்ளிவிட்டு, "ரைட், ரைட்" என்றாள். இதற்காகவா நீ நாற்காலியில் போய் உட்கார்ந்தாய்? இந்த ஒரு இழுப்புக்காகவா உன் பெண்ணின் வாசலை விட்டுக்கொடுத்தாய்? எழுந்து இடம் கொடுத்த பையன், "அழாதீங்க அங்கிள், ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பொம்மனஹள்ளியில் இறங்கும்போதும் கையைக் கொடுத்தேன். வலிக்கிற கால் முதலில். நடந்து போய்க் கதவைத் தட்டினேன். ரேவதி திறந்தாள். என் கையில் தடியை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. தடியைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள். நீ போன பிறகு யாரிடமும் கேட்காமல் இருந்த கேள்வியைக் கேட்டாள்.

"ஆட்டோலயா வந்தீங்க, மாமா?"

"பஸ்லதாம்மா," என்றேன்.

அப்பாவின் அதே பதிலைக் கேட்டு, நான் நீட்டிய பையை வாங்கக்கூடத் தோன்றாமல் அவள் அப்படியே வாசலில் நின்றாள்.